கிடார் மாறினால் கை மாறும்

கிடார்க்காரர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் ஒரு பேச்சு உண்டு. ஒலி விரலில்தான் இருக்கிறது, கருவியில் இல்லை என்பார்கள். தேர்ந்த வித்வானிடம் மலிவான கிடாரைக் கொடுத்தாலும் நாலு சுரத்தில் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். கற்றுக்குட்டியிடம் லட்ச ரூபாய்க் கிடாரைக் கொடுத்தாலும் கற்றுக்குட்டிதான் கேட்கும். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விரல் அப்படி வாசிக்க எங்கே பழகியது என்ற கேள்வியை இந்தப் பேச்சு தொடுவதே இல்லை. எலெக்ட்ரிக் கிடாரின் வரலாறு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள்தான். அதற்குள் புதிதாக ஒரு கருவி வந்ததும், சில ஆண்டுகளில் வாசிப்பவர்களின் கைப்பழக்கம் மாறியிருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது. கருவி யாருக்கும் கற்பனையைக் கொடுப்பதில்லை. சில அசைவுகளை அது எளிதாக்குகிறது, சிலவற்றை அரிதாக்குகிறது. நாள்தோறும் மணிக்கணக்கில் சாதகம் செய்கிற கை, தன்னை அறியாமல் எளிதான பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வு ஊரறியப் பரவிய பிறகு அதற்குப் பாணி என்று பெயர் வைக்கிறோம். கிடாரின் வரலாற்றை ஒலியின் வரலாறாக எழுதுவதே வழக்கம். கையின் வரலாறாக எழுதினால் பல செய்திகள் தெளிவாகின்றன என்பது என் வாதம்.

மின்சாரம் வருவதற்கு முன் அமெரிக்க ஜாஸ் குழுக்களில் கிடாருக்கு இருந்த வேலை என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் டிரம்ஸும் முழங்கும் பதினைந்து பேர் குழுவில் மரக் கிடாரின் தனிச் சுரம் காதில் விழாது. எனவே கிடார்க்காரர் தாளத்துக்கு நான்கு அடியாக முழு கார்டுகளை அடித்துக்கொண்டிருந்தார். கவுண்ட் பேஸி குழுவில் 1937இல் சேர்ந்து 1987இல் இறக்கும்வரை இருந்த ஃப்ரெடி கிரீன் இந்தக் கலையின் உச்சம். தடித்த தந்திகள், விரற்பலகைக்கு மேலே நன்றாகத் தூக்கிக் கட்டப்பட்டவை. அவற்றை அழுத்தவே பலம் வேண்டும். அப்படிப்பட்ட கிடாரில் தந்தியை இழுத்து வளைப்பதோ ஓடியாடி சுரங்கள் கோப்பதோ கைக்கு வராது. கிரீன் அதற்கு முயலவும் இல்லை. ஐம்பது ஆண்டுகள் ஒரே குழுவில் இருந்தும் அவர் தனி ஆவர்த்தனம் என்று வாசித்தது மிக மிகக் குறைவு. இது அவருடைய அடக்கம் என்று சொல்வதுண்டு, இருக்கலாம். அந்தக் கிடாரில் அடங்கி வாசிப்பதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சந்தைக்கு வந்து நிலைத்த முதல் எலெக்ட்ரிக் கிடார் தோளில் மாட்டி வாசிக்கும் கிடாரே இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் இருவரும் 1932இல் விற்கத் தொடங்கிய அலுமினியக் கருவி மடியில் படுக்கவைத்து, எஃகுத் துண்டைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய் கிடார். வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு வாணலி என்று பட்டப்பெயர் வந்தது. ஹவாய் இசையில் கிடார்தான் பாடுகிறது. பாடுகிற கருவிக்குத்தான் முதலில் சத்தம் தேவைப்பட்டது. நின்று வாசிக்கிற ஸ்பானிஷ் வகைக் கிடாருக்கு அந்த வசதி பரவலாக வந்தது 1936இல், கிப்சன் நிறுவனத்தின் இஎஸ்-150 மூலம். காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப் ஒன்று அதில் பொருத்தப்பட்டிருந்தது. எஃகுத் தந்தி அதிரும்போது பிக்கப்பில் மின்னோட்டம் எழும். அதை ஆம்ப் பெருக்கிக் காட்டும். மூன்றே ஆண்டுகளில், 1939இல், ஓக்லஹோமாவிலிருந்து வந்த சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் இந்தக் கிடாரோடு பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். அவர் வாசித்தது சாக்ஸஃபோன்காரர் வாசிப்பது போன்ற நீண்ட ஒற்றைச் சுர வரிகள். மென்மையாக மீட்டினாலும் கேட்டது. அதனால் ஓட முடிந்தது. காச நோயில் 1942 மார்ச்சில் அவர் இறந்தபோது வயது 25. அதற்குள் ஜாஸ் கிடாரின் வேலையே மாறிவிட்டிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒற்றைச் சுர வரிகளை மின்சாரம் வருவதற்கு முன்பே வாசித்தார்களே? லானி ஜான்சனும் எடி லாங்கும் 1920களின் கடைசியில் பதிவுசெய்த இரட்டைக் கிடார் இசைத்தட்டுகள் இருக்கின்றன. பாரிஸில் ஜாங்கோ ரைன்ஹார்ட், நெருப்பில் சேதமான இடக்கையின் இரண்டு விரல்களை வைத்தே யாரும் எட்ட முடியாத வேகத்தில் மரக் கிடாரில் வாசித்தார். மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அவர்கள் எங்கே வாசித்தார்கள் என்று பாருங்கள். ஜான்சனும் லாங்கும் வாசித்தது இரண்டு கிடார்கள் மட்டும். ஜாங்கோவின் புகழ்பெற்ற ஐவர் குழு 1934இல் தொடங்கியபோது வயலின், மூன்று கிடார், ஒரு டபுள் பேஸ். டிரம்ஸ் கிடையாது, ஊதுகருவி கிடையாது. கிடார் பேசுவதற்காகச் சுற்றியிருந்தவர்களெல்லாம் குரலைத் தாழ்த்திய குழு அது. கிறிஸ்டியனுக்கு அந்தச் சலுகை தேவைப்படவில்லை. பித்தளைக் கருவிகள் முழங்கும் நடுவிலே அவர் பேசினார். கற்பனை முன்பே இருந்தது. கைக்கு இடம் கிடைத்தது பிறகு.

இஎஸ்-150 உள்ளே குடைவாக இருந்த கிடார். சத்தத்தைக் கூட்டினால் ஆம்பிலிருந்து வரும் ஒலி குடைவுக்குள் புகுந்து மரத்தை அதிரவைக்கும், அது மறுபடி ஆம்ப் வழியே வெளியேறும், மறுபடி உள்ளே புகும். திருவிழா மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் கிளம்புகிற ஊளை இதேதான். இதை அடக்கக் குடைவையே எடுத்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு ஒரே காலத்தில் தோன்றியது. லெஸ் பால் என்ற கிடார்க்காரர் 1940ஐ ஒட்டி ஒரு பைன் கட்டையில் கழுத்தைப் பொருத்தி, பார்வைக்குக் கிடாராகத் தெரியப் பக்கவாட்டில் இறக்கைகளை ஒட்டினார். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்த்த லியோ ஃபெண்டர் 1950இல் கொண்டுவந்த கட்டைக் கிடாருக்கு மறு ஆண்டில் டெலிகாஸ்டர் என்ற பெயர் நிலைத்தது. ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. எனவே அவர் வாசிப்பவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். இந்த வரலாற்றில் அது ஒரு சிறிய அதிர்ஷ்டம். பில் கார்சன் என்ற வெஸ்டர்ன் ஸ்விங் கலைஞர் டெலிகாஸ்டரின் கூரிய விளிம்பு விலாவில் குத்துகிறது என்றார். ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியே நீளம் திருத்த வசதி வேண்டும் என்றார். அதுபோன்ற குறைகளைத் தீர்க்கப் பிறந்ததுதான் 1954இன் ஸ்ட்ராட்டோகாஸ்டர். உடலின் விளிம்புகள் வயிற்றுக்கும் கைக்கும் ஏற்ப வழிக்கப்பட்டிருந்தன. மூன்று பிக்கப்புகள், தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி. கிப்சன் 1952இல் லெஸ் பால் பெயரிலேயே தன் கட்டைக் கிடாரை வெளியிட்டிருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டு ராக் இசை பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களின் கிடார்களில்தான் வாசிக்கப்பட்டது.

இரண்டும் கையில் எப்படி வேறுபடுகின்றன? ஃபெண்டரில் தந்தி அதிரும் நீளம் இருபத்தைந்தரை அங்குலம். கிப்சனில் பெயரளவில் இருபத்து நாலே முக்கால். முக்கால் அங்குலம் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் ஒரே தந்தியை ஒரே சுருதிக்குக் கொண்டுவர வேண்டிய இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு கூடும். கணக்குப் போட்டால் ஃபெண்டரில் தந்தி ஏறக்குறைய 6 விழுக்காடு கூடுதல் விறைப்பாக இருக்கிறது. அழுத்தும் விரலுக்கு இது உடனே தெரியும். அடுத்து, விரற்பலகையின் வளைவு. பழைய ஃபெண்டர் பலகை ஏழேகால் அங்குல ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, கிப்சன் பலகை பன்னிரண்டு அங்குல ஆரம். வளைவு அதிகமான பலகையில் கார்டு பிடிக்க விரல் இயல்பாக மடியும். ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், அது வளைவின் மேட்டில் உரசி நின்றுவிடும். தந்தியைச் சற்று உயர்த்திக் கட்டினால்தான் தப்பலாம், உயர்த்தினால் வேகம் குறையும். கிப்சனுக்கும் தனிக் குறை உண்டு. லெஸ் பாலின் கழுத்து பதினாறாம் ஃப்ரெட்டில் உடலோடு சேர்கிறது, அதற்கு மேல் கனத்த மரம் கையைத் தடுக்கும். அந்த நிறுவனமே 1961இல் இரு பக்கமும் வெட்டிய மெல்லிய எஸ்ஜி வடிவத்துக்குப் போனபோது இந்தத் தடையைத்தான் நீக்கியது.

பிக்கப்பும் கையைத் திருத்துகிறது. ஃபெண்டரின் ஒற்றைச் சுருள் பிக்கப் மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்கும். ஆம்பை அதிகமாகத் திருகினால் வாசிக்காத நேரத்தில் கொர்ரென்று கத்தும். தந்தியின் ஒலி பளிச்சென்று எழுந்து சீக்கிரம் தேயும். கிப்சனில் சேத் லவர் வடிவமைத்து 1957 முதல் பொருத்தப்பட்ட இரட்டைச் சுருள் பிக்கப் இரைச்சலை ஒன்றோடொன்று கழித்துவிடும், ஒலியும் கனமாக, வலுவாக வரும். ஒரு சுரத்தை அடித்துவிட்டு அது தேயுமுன் அடுத்ததைச் சேர்த்தாக வேண்டிய கருவி கையைச் சுறுசுறுப்பாக்குகிறது. அடித்த சுரம் நீண்டு நிற்கிற கருவி கையைப் பொறுமையாக்குகிறது. இது வெறும் ஊகம் என்று தோன்றினால், ஒரே ஆள் இரண்டையும் வாசித்த பதிவுகளைக் கேட்கலாம். மார்க் நாஃப்ளர் பிக் இல்லாமல் விரலால் மீட்டுகிறவர். 1978இன் சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங் பாட்டில் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு அவர் கை துள்ளுகிறது: குறுகிய சொற்கட்டுகள், நடுநடுவே வெட்டுகள், கொத்திக்கொண்டு போகும் சுரங்கள். 1985இன் பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ் பாட்டில் அதே விரல்கள் லெஸ் பால் கிடாரில் ஒரு சுரத்தைப் பிடித்து, ஆட்டி, முழுதும் தேய விட்டு, பிறகே அடுத்ததற்குப் போகின்றன. இரண்டு பாட்டின் மனநிலையும் வேறு, அதனால் வேறாக வாசித்தார் என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அந்த மனநிலைக்கு அந்தக் கிடாரை எடுத்தார் என்பதே, எந்தக் கிடார் கையை எங்கே கொண்டுபோகும் என்று அவருக்குத் தெரியும் என்பதற்குச் சான்று. எரிக் கிளாப்டனை இதற்கு எடுத்துக்காட்டுவோர் உண்டு; 1966இல் லெஸ் பால், 1970இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர், வாசிப்பு மாறியது என்பார்கள். அந்தச் சாட்சியை நான் அதிகம் நம்பமாட்டேன். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அவருடைய குழுவும் பாட்டும் ரசனையும் எல்லாமே மாறிவிட்டன.

கிளாப்டனின் 1966 பதிவு வேறொரு மறுப்புக்கு இடம் தருகிறது. ஜான் மேயால் குழுவின் அந்த இசைத்தட்டில் மார்ஷல் ஆம்பை மேடையில் வைப்பது போலவே ஸ்டுடியோவிலும் முழுச் சத்தத்தில் வைக்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்தார். அந்த நீண்ட, கனிந்த ஒலி ஆம்பின் வேலை, கிடாரின் வேலை இல்லை என்று வாதிடலாம். தந்திகளைப் பற்றியும் இதையே சொல்வார்கள். அமெரிக்காவில் 1962இல் எர்னி பால் மெல்லிய தந்திக் கட்டு விற்கத் தொடங்குமுன் கடையில் கிடைத்ததெல்லாம் தடித்த தந்திகள், மூன்றாம் தந்திகூடச் சுற்றுத் தந்தி. விவரம் தெரிந்தவர்கள் பாஞ்சோவின் மெல்லிய தந்தியை முதல் தந்தியாகக் கட்டி, மற்றவற்றை ஓரிடம் தள்ளிக் கட்டினார்கள். தந்தியை இழுத்துப் பாடவைக்கும் வழக்கம் பரவியதற்கு மெல்லிய தந்திதான் காரணம் என்றால், கிடாருக்கு என்ன பெருமை? இந்த மறுப்பில் பாதியை ஏற்கிறேன். கையை மாற்றியது மரம் மட்டும் என்று நான் சொல்லவில்லை; தந்தி, பிக்கப், ஆம்ப் எல்லாம் சேர்ந்ததுதான் எலெக்ட்ரிக் கிடார். மீதிப் பாதியை ஏற்க முடியாது. மெல்லிய தந்தியை மரக் கிடாரில் கட்டினால் சத்தமே வராது. பலகையை அதிரவைக்கும் பாரத்தைத் தந்தி சுமக்க வேண்டியிருப்பதால்தான் அது தடித்திருந்தது. பிக்கப் அந்தப் பாரத்தை இறக்கிவைத்த பிறகே தந்தி மெலிய முடிந்தது. குடைவில்லாத உடல் வந்த பிறகே ஆம்பை முழுக்கத் திருக முடிந்தது. கிடார் திறந்த கதவு வழியாகத்தான் மற்றவை நுழைந்தன.

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கைப்பிடியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்கு இருந்த தடை 1959இல் நீங்கியபோது, பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் தன் கிடார்க்காரர் ஹேங்க் மார்வினுக்கு ஒரு சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வரவழைத்தார். ஷேடோஸ் குழுவின் அப்பாச்சி 1960இல் வந்தது. அதில் மார்வின் கைப்பிடியை விட்டுவிடாமல் உள்ளங்கையில் வைத்தபடியே ஒவ்வொரு நீண்ட சுரத்தின் முடிவிலும் லேசாக அசைக்கிறார். அதுவரை சுரத்தை ஆட்டுவது பெரும்பாலும் இடக்கை விரலின் வேலை. இப்போது வலக்கைக்கும் பங்கு வந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969இல் வுட்ஸ்டாக் மேடையில் அமெரிக்க தேசியகீதத்தை வாசித்தபோது அதே கைப்பிடியைத் தந்திகள் தளர்ந்து தொங்கும்வரை அழுத்திக் குண்டுவீச்சை ஒலிக்கவைத்தார். ஊளையை அடக்கப் பிறந்த கட்டைக் கிடாரில் அவர் ஊளையையே வேண்டி வரவழைத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியின் எல்லையைத் தொட்டவர் ஜெஃப் பெக் என்பேன். 1975இன் ப்ளோ பை ப்ளோ தட்டின் உறையில் அவர் கையில் இருப்பது லெஸ் பால். பின்னர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மாறி, 1980களில் பிக்கையும் கைவிட்டு, கட்டைவிரலால் மீட்டிக்கொண்டே மற்ற விரல்களில் கைப்பிடியையும் ஒலிக் குமிழையும் வைத்திருந்தார். 1989இல் பதிவான வேர் வேர் யூ இசையில் தந்தியின் இயற்கை இணைச்சுரங்களை எழுப்பி, மெட்டைக் கைப்பிடியாலேயே வளைத்துப் பாடவைக்கிறார். கைப்பிடி இல்லாத லெஸ் பாலில் அதை வாசிக்க வழியே கிடையாது. ஒலி விரலில் இருக்கிறது என்கிற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

குமிழ்கள் எங்கே இருக்கின்றன என்பதுகூடப் பாணியாகிறது. டெலிகாஸ்டரிலும் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் ஒலிக் குமிழ் மீட்டும் கைக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் எட்டும் தொலைவில் இருக்கிறது. ராய் புக்கானன் டெலிகாஸ்டரில் குமிழை மூடி, தந்தியை மீட்டி, சுண்டுவிரலால் மெல்லத் திறந்து, மீட்டிய இடமே தெரியாமல் சுரத்தை வயலின் போல எழவைத்தார். குமிழ்கள் தள்ளியிருக்கும் லெஸ் பாலில் இதற்குக் கையை எடுத்துப்போக வேண்டும், மெட்டு நின்றுவிடும். 1960களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் ஒயிட்டும் ஜீன் பார்சன்ஸும் டெலிகாஸ்டருக்குள் ஒரு நெம்புகோலை வைத்தார்கள். கிடாரைக் கீழே அழுத்தினால் தோள்வார் அந்த நெம்புகோலை இழுத்து இரண்டாம் தந்தியை ஒரு முழுச் சுரம் ஏற்றும். பெடல் ஸ்டீல் கிடாரின் அழுகையை வரவழைக்கத் தோளும் வாசிக்க ஆரம்பித்தது.

தயாரிப்பாளர் நினைத்தபடியா கலைஞர் வாசித்தார்? பெரும்பாலும் இல்லை, எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். ஃபெண்டர் 1958இல் ஜாஸ்மாஸ்டரை ஜாஸ் கலைஞர்களுக்காகவே செய்தது. அவர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கலிஃபோர்னியக் கடற்கரையின் சர்ஃப் இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பழைய சாமானாக மலிவு விலையில் கிடைத்தபோது, 1980களில் சோனிக் யூத் போன்ற நியூயார்க் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். வீணையில் குதிரை என்போமே, அந்த பிரிட்ஜுக்குப் பின்னாலும் ஜாஸ்மாஸ்டரில் தந்தி நீளமாக நீட்டி நிற்கும். வாசிக்க என்று விடப்படாத அந்தத் துண்டை அவர்கள் மீட்டி மணியோசை எடுத்தார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப் மாற்றும் விசைக்கு முதலில் மூன்று நிலைகளே இருந்தன. வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவில் சிக்கவைத்து இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்தார்கள். ஃபெண்டர் 1977இல்தான் ஐந்து நிலை விசையைப் பொருத்தியது. ஆக, கலைஞர்தான் தீர்மானிக்கிறார் என்று முடிவுகட்டலாமா? தயாரிப்பாளரின் எண்ணத்தை அவர்கள் மீறினார்கள், கருவியின் அமைப்பை மீறவில்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் தந்தி இல்லாத டெலிகாஸ்டரில் சோனிக் யூத்துக்கு அந்த ஓசை கிடைத்திராது. நடுவில் நிற்கும் விசை இல்லையென்றால் அந்தச் சேர்க்கை ஒலி யாருக்கும் தோன்றியிராது. நான் சொல்லும் சாய்வு கருவியின் உடம்பில் இருக்கிறது, விளம்பரத்தில் இல்லை.

அமைப்பை மீறியே தீருவேன் என்பவர்களும் உண்டு, அதற்குக் கை விலை கொடுக்கும். ஆல்பர்ட் கிங் இடக்கைப் பழக்கமுள்ளவர். வலக்கைக்காரர் கிடாரைத் தந்தி மாற்றாமல் தலைகீழாகப் பிடித்தார். அதனால் மெல்லிய தந்திகள் மேற்பக்கம் வந்தன. மற்றவர்கள் மேலே தள்ளுகிற தந்தியை அவர் உள்ளங்கைப் பலத்தோடு கீழே இழுத்தார். இழுப்புகள் ஆழமாகவும் அலட்சியமாகவும் விழுந்தன. அவரைத் தெய்வமாகக் கொண்ட டெக்சஸ்காரர் ஸ்டீவி ரே வான் அந்த இழுப்புகளை விறைப்பான ஸ்ட்ராட்டோகாஸ்டரில், வழக்கத்தைவிடத் தடித்த தந்திகளில், மேலே தள்ளியே வாசித்தார். முடிந்தது. ஆனால் கிடாரை அரைச் சுரம் இறக்கிக் கட்ட வேண்டியிருந்தது, விரல் நுனி கிழிந்து பசை தடவி ஒட்ட வேண்டியிருந்தது. எதிர்த்திசையில் டோனி அயோமி இருக்கிறார். பர்மிங்ஹாமில் 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் தந்தி அழுத்தும் கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். ஜாங்கோவின் இசைத்தட்டைக் கேட்கவைத்து அவரைத் தேற்றியது ஆலையின் மேலாளர். உருக்கிய பிளாஸ்டிக்கில் விரலுறை செய்து, பாஞ்சோ தந்தி கட்டி, முதல் பிளாக் சபாத் தட்டின் பதிவின்போது ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப் பழுதாகவே எஸ்ஜிக்கு மாறினார். 1971இல் தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கித் தளர்த்தினார். காயம்பட்ட விரலுக்குத் தளர்ந்த தந்தி இதமாக இருந்தது. தளர்ந்த தந்தியில் எழுந்த இருண்ட, கனத்த ஓசையே ஹெவி மெட்டலின் அடையாளமாயிற்று. பின்னால் வந்தவர்களுக்குக் காயமில்லை, ஆனாலும் இறக்கியே கட்டினார்கள்.

அதன் பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். எடி வான் ஹேலன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை உடலில் கிப்சனின் இரட்டைச் சுருள் பிக்கப்பைத் திணித்து இரண்டு குடும்பங்களையும் கலந்தார். 1978இல் வந்த முதல் தட்டில் இரு கை விரல்களாலும் ஃப்ரெட்டுகளைத் தட்டி வாசித்தது உலகையே அதே பயிற்சியில் இறக்கியது. கைப்பிடியை எவ்வளவு ஆட்டினாலும் சுருதி கலையாமல் தந்தியை இரு முனையிலும் பூட்டும் ஃப்ளாய்ட் ரோஸ் அமைப்பு வந்தது. மெல்லிய கழுத்தும் 24 ஃப்ரெட்டும் கொண்ட ஐபனெஸ் கிடார்களும், 1990இல் ஸ்டீவ் வைக்காக ஏழு தந்திக் கிடாரும் வந்தன. வை அந்த ஏழாம் தந்தியில் சாகசம் செய்தார். கோர்ன் குழு 1994இல் அதே தந்தியை அடியோசைக்கு மட்டும் வைத்துக்கொண்டது. வேகத்துக்கென்றே செய்த கிடாரில் எல்லோரும் வேகமாக வாசித்தார்கள். அதில் பெரும்பகுதி இன்று கேட்கச் சலிப்பாக இருக்கிறது.

ஒரே மாற்றம் இரண்டு வெவ்வேறு இசைக்குப் போன ஒரு வழக்கு இருக்கிறது. என் வாதத்துக்கு அதுவே கடினமான சோதனை. ஃப்ரெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் கரண்டிக் குழி போலக் குடைந்துவிட்டால் விரல் மரத்தைத் தொடாது, தந்தியை மட்டும் தொடும். ரிச்சி பிளாக்மோரும், அவர் வழியில் ஸ்வீடனின் இங்வே மால்ம்ஸ்டீனும் தங்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை இப்படிக் குடைந்துகொண்டார்கள்; மால்ம்ஸ்டீன் கையில் அது பேய்வேகமாயிற்று. ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். மகாவிஷ்ணு குழுவின் காது பிளக்கும் இரட்டைக் கழுத்துக் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவைத் தொடங்கியபோது, ஏப் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்குச் செய்த கிடாரிலும் பலகை குடையப்பட்டிருந்தது. குறுக்கே சுருதித் தந்திகளும் இருந்தன. அது மின்கிடார் இல்லை, மரக் கிடார். அவர் தேடியது வேகத்தை அல்ல, கமகத்தை. வீணையில் மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகளும் தண்டிக்கு மேலே உயர்ந்து நிற்பதால் தந்தியைத் தடையின்றி இழுக்கலாம். குடைந்த பலகை கிடாரை அந்த நிலைக்குச் சற்றே அருகில் கொண்டுவந்தது. ஒரே குடைவு, ஒருவருக்கு ஓட்டம், ஒருவருக்கு இழுப்பு. அப்படியானால் கருவி தீர்மானிப்பது ஒன்றுமில்லையா? இருவர் கையிலும் பொதுவானது ஒன்று உண்டு. குடைந்த பலகையில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே சுருதி ஏறி அபசுரமாகிவிடும். எனவே இருவரும் தொட்டும் தொடாமலும் அழுத்தக் கற்றாக வேண்டும். மென்மையான தொடுகையைக் கருவி கட்டாயமாக்கியது. அந்த மென்மையை எதற்குச் செலவிடுவது என்பதை இசை முடிவு செய்தது.

இசை வலுவாக இருந்தால் கருவியே வளைந்து கொடுக்கும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969இல் பிறந்தார், 1978இல் மேடையேறினார், சென்னையில் 2014இல் மறைந்தார். ஐரோப்பிய மாண்டலினில் தந்திகள் இரட்டை இரட்டையாக இருக்கும். இரண்டையும் ஒரே அளவில் இழுத்துக் கமகம் வாசிப்பது நடக்காத காரியம், ஒலியும் கணத்தில் தேய்ந்துவிடும். அவர் எடுத்துக்கொண்டது மின்மாண்டலின். இரட்டைத் தந்திகள் ஒற்றையாயின, கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தி சேர்ந்தது, தேயும் ஒலியை ஆம்ப் தாங்கிப் பிடித்தது. வாய்ப்பாட்டில் முறையாகப் பழகிய காது, தனக்கு வேண்டிய கருவியைத் தானே வெட்டி ஒட்டிக்கொண்டது. ஆனாலும் மாண்டலினின் குட்டைக் கழுத்து குட்டையாகவேதான் இருந்தது. வீணையில் ஒரே மெட்டில் நின்று இழுத்து எடுப்பதைப் பல இடங்களில் அவர் விரலை வழுக்கி எடுத்தார். நெருக்கமான ஃப்ரெட்டுகளில் துரித காலப் பிரயோகங்கள் அவருக்கு மற்றவர்களைவிட எளிதாக விழுந்தன. மேதையின் கையிலும் சாய்வு தெரிகிறது.

இவ்வளவையும் பேச முடிவதற்குக் காரணம், மேற்கில் எந்தப் பாட்டை யார் எந்தக் கிடாரில் வாசித்தார் என்பதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான். தமிழ்த் திரையிசையில் கிடார் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒலிக்கிறது. பழைய இசைத்தட்டுகளின் உறைகளில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்கள் இருக்கும். கிடார் வாசித்தவர் பெயரே பெரும்பாலும் இருக்காது, கிடாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் வாசித்த கலைஞர்கள் பலருக்கு வயதாகிவிட்டது. இசை வரலாறு எழுதுகிறவர்கள் அவர்களிடம் பேட்டி எடுக்கப் போனால், மேதைகளோடு பழகிய கதைகளோடு நிறுத்திவிட வேண்டாம். என்ன கிடார் வைத்திருந்தீர்கள், எங்கே வாங்கினீர்கள், என்ன தந்தி கட்டினீர்கள், எந்த ஆம்ப் என்ற நாலு கேள்விகளையும் கேட்டு எழுதி வையுங்கள்.